மீன்கூடைக்கு மேலே தொங்கிய கிராபிக்ஸ் கார்டு

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் அந்தக் கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. படியேறி, நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைக்கூடத் துடைக்கவில்லை. அதற்குள் கடைக்காரர் கேட்டுவிட்டார்.

"பையன் என்ன படிக்கிறான்க்கா?"

"பையன் இல்ல."

"பொண்ணா?"

"பொண்ணும் இல்ல. எனக்குத்தான்."

"சரி சரி. டேலியில கணக்குப் போடவா? அதுக்கு கிராபிக்ஸ் கார்டெல்லாம் வேண்டாமேக்கா."

"லாரி ஓட்ட."

அவருக்கு முப்பது வயசு இருக்கும். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார், என் மடியிலிருந்த சாப்பாட்டுக் கூடையை ஒரு தடவை பார்த்தார்.

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அந்த மாதம் முழுக்க எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். நாத்தனார் மகனுக்கா என்று அத்தை, அதாவது என் மாமியார், கேட்டார். நான் பில் போடுகிற அரிசி ஆலையின் முதலாளி, ஆலைக் கணக்கை வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறேனோ என்று பயந்தார். முப்பத்து மூன்று வயசுப் பொம்பளை தனக்கென்று கேம் ஆடுகிற கம்ப்யூட்டர் வாங்குவாள் என்று நம்ப அறந்தாங்கியில் ஓர் ஆள் இல்லை. நான் என்ன பாம்பா வாங்கப் போனேன்?

காரணம் என் வீட்டுக்காரர். சவுதியில் டிரெய்லர் ஓட்டுகிறார். கல்யாணமாகி ஆறு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாதம் லீவு. ஆக ஆறு வருஷத்தில் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தது ஆறு மாதம். மீதியெல்லாம் போன். வீடியோ கால் வந்தால் முதலில் அத்தை பேசுவார், அப்புறம் நாத்தனார், அப்புறம் பக்கத்து வீடு, கடைசியில் நான். என் கைக்குப் போன் வரும்போது ஊரில் நடந்த எல்லாமே அவருக்குத் தெரிந்திருக்கும். நான் "ம்" என்பேன். அவரும் "ம்" என்பார். பின்னால் அத்தை காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். வைத்துவிடுவோம்.

அவர் தங்கியிருக்கிற ரூமில் ஆறு பேர். அதில் ஒரு கேரளாக்காரர் நல்ல கேமிங் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை அங்கே லீவு. அன்று நம்ம ஊர் கணக்குக்குச் சாயங்காலம் இரண்டு மணி நேரம் அதை என் வீட்டுக்காரருக்கு விட்டுக்கொடுப்பார். இவர் அதில் என்ன ஆடுகிறார் என்றால், லாரி ஓட்டுகிறார். ஆறு நாள் டிரெய்லர் ஓட்டிவிட்டு ஏழாவது நாள் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் டிரெய்லர் ஓட்டுகிற மனுஷனை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? கேட்டால், "இதுல கபீல் கெடையாது" என்றார். கபீல் என்றால் அங்கே முதலாளி.

அந்த விளையாட்டில் இரண்டு பேர் சேர்ந்து ஓட்டலாம். அவர் ஒரு லாரியில், நான் ஒரு லாரியில், ஒரே ரோட்டில். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் பேசிக்கொண்டே போகலாம். அதில் அத்தை ஏற முடியாது, நாத்தனார் ஏற முடியாது. நீயும் ஒன்று வாங்கு என்று அவர் சொல்லவில்லை. நான்தான் வாங்குகிறேன் என்றேன். ஒரே சிக்கல், கேரளாக்காரர் மூன்று மாதத்தில் ஒரேயடியாக ஊருக்குப் போகப் போகிறார். அவர் போனால் கம்ப்யூட்டரும் போகும். கடைக்குப் போகிற அன்று காலண்டரைப் பார்த்தேன். பதிமூன்று வெள்ளிக்கிழமை இருந்தது. எனக்கு அந்தப் பதிமூன்றும் வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

வாங்குவதற்கு முன்னால் மூன்று வாரம் சாப்பாட்டு இடைவேளை தவறாமல் போனில் வீடியோ பார்த்தேன். பிராசசரில் இரண்டு கட்சி இருக்கிறது. ஒன்று நீலக் கம்பெனி, ஒன்று சிவப்புக் கம்பெனி. வீடியோ போடுகிறவர்கள் எல்லாம் ஏதாவது ஒன்றுக்குக் கொடி பிடிக்கிறார்கள். கீழே கமெண்டில் ஒருத்தன் இன்னொருத்தன் அம்மாவைத் திட்டுகிறான். பிராசசர் வாங்கப் போன இடத்தில் எதற்கு அம்மா வருகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. கிராபிக்ஸ் கார்டுக்குத் தனிக் கட்சி. பெயர்களெல்லாம் வெறும் நம்பர். பெரிய நம்பர் நல்லது என்று நினைத்தால், போன வருஷத்துப் பெரிய நம்பரைவிட இந்த வருஷத்துச் சின்ன நம்பர் நல்லதாம். யார் வைத்தார்கள் இந்தப் பெயரை, அவர்களை நிற்க வைத்துக் கேட்க வேண்டும்.

ஆனால் ஒரு விஷயம் எனக்குச் சுலபமாகப் புரிந்தது. பிராசசரும் கார்டும் ஒன்றுக்கொன்று சரியாக இருக்க வேண்டும் என்கிறார்களே, அது. எங்கள் ஆலையில் உமி நீக்குகிற மிஷின் மணிக்கு இரண்டு டன் தரும். அதற்கு அடுத்து நாலு டன் தள்ளுகிற பாலீஷ் மிஷினை முதலாளி ஆசைப்பட்டு வாங்கிப் போட்டார். அது பாதி நேரம் வெறும் வயிற்றோடு சுற்றுகிறது. கரண்டு பில்தான் நாலு டன்னுக்கு வருகிறது. கம்ப்யூட்டரும் அதுதான். பிராசசர் அனுப்புகிற வேகத்துக்குத் தகுந்த கார்டு இருந்தால் போதும். இதை அரைமணி நேரம் படம் போட்டு விளக்குகிறார்கள். எங்கள் ஆலையில் நெல் அவிக்கிறவருக்கே இது தெரியும்.

கார்டை வீட்டுக்காரரே அங்கே பழையதாக வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டார். இங்கே மீதியை வாங்கினால் போதும். இப்போது கடைக்கு வருகிறேன்.

கடைக்காரர் இரண்டு பிராசசர் டப்பாவை மேஜைமேல் வைத்தார். ஒன்று, தனியாகக் கார்டு இல்லாவிட்டாலும் தானே படம் காட்டும். இன்னொன்று கொஞ்சம் விலை குறைவு, வேகம் அதேதான், ஆனால் கார்டு மாட்டினால்தான் திரையில் ஏதாவது தெரியும்.

"அக்கா, நீங்க இதை எடுங்க, படம் காட்டுறதை. கார்டு வர்ற வரைக்கும் ஒப்பேத்தலாம். சும்மா லாரி ஓட்டுற கேமுதானே. வீட்ல இருக்கிற பொம்பளைங்களுக்கு இதுவே ஜாஸ்தி."

முதல் மூன்று வாக்கியத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம்.

"நான் வீட்ல இருக்கிற பொம்பளை இல்ல. காலையில எட்டு மணிக்கு ஆலைக்குப் போனா ராத்திரி ஏழு மணிக்கு வாரேன்" என்றேன். "இன்னொண்ணை எடுங்க."

"கார்டு வர்றது லேட்டாச்சுன்னா—"

"வந்துரும். எடுங்க."

எடுத்தார். கோபத்தில் வாங்கிய சேலை பீரோவில் கிடக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. பிராசசர் அப்படியில்லை.

பெட்டியை அன்றே மாட்டிக் கொடுத்தார்கள். வாடகைக் காரில் வைத்து அறந்தாங்கிக்குக் கொண்டுவந்து, படுக்கையறையில் தையல் மிஷின் இருந்த இடத்தில் வைத்து, சுவிட்சைப் போட்டேன். உள்ளே இருக்கிற காற்றாடியெல்லாம் சிவப்பு, நீலம், பச்சை என்று மாறி மாறி எரிந்தது. திரை கருப்பாக இருந்தது. அத்தை கதவோரம் நின்று ஐந்து நிமிஷம் பார்த்தார்.

"படம் எப்ப வரும்?"

"சவுதியிலேர்ந்து வரணும் அத்தை."

"படமே அங்கேர்ந்துதான் வருதா?"

"ஆமா."

"அதான் லேட்டு" என்றுவிட்டுப் போனார்.

தெருவில் விஷயம் பரவி, பக்கத்து வீட்டம்மா பார்க்க வந்தார். என்னது இது என்று கேட்டதற்கு நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கருப்புத் திரையைக் காட்டிக் கேம் என்று சொன்னால் சிரிப்பார். அதனால் ஆலையில் கொடுத்த மிஷின், நெல்லில் ஈரம் எவ்வளவு என்று பார்க்கும் என்று சொன்னேன். மறுநாள் காலை ஒரு கிண்ணத்தில் நெல்லோடு வந்து நின்றார். கிண்ணத்தைப் பெட்டிமேல் வைத்தேன். சிவப்பு எரிந்தது. நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். ஆலையில் பதினோரு வருஷம் இருந்திருக்கிறேன், பல்லுக்கே தெரியும். "ஈரம் ஜாஸ்தி, ரெண்டு நாள் காய வைங்க" என்றேன். காய வைத்தார். கொள்முதல் நிலையத்தில் ஒரு பேச்சுப் பேசாமல் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் வேறு இரண்டு பேர் கிண்ணத்தோடு வந்தார்கள்.

இப்படியே மூன்று வெள்ளிக்கிழமை போனது. நாற்பதாயிரத்துக்கு மேல் கொட்டிக் கொடுத்து ஈரப்பதம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது வாரம், கடலோரத்து மீமிசல்காரர் ஒருவர் லீவில் வருகிறார், அவரிடம் கார்டைக் கொடுத்துவிட்டேன் என்று வீட்டுக்காரர் சொன்னார். எங்கள் பக்கத்தில் இதுதான் தபால் ஆபீஸ். லீவில் வருகிறவரிடம் மற்றவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ கொடுத்துவிடுவார்கள். அவர் பெரிய அட்டைப்பெட்டியில் திணித்து, கயிறு கட்டி, பேனாவால் ஊர்ப் பேர் எழுதிக் கொண்டுவருவார். வந்தவர் வீட்டில் போய் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வந்துவிட்டார் என்று தெரிந்ததும் போன் செய்தேன்.

"அண்ணே, சாமான் வாங்க எப்ப வரட்டும்?"

"நாளைக்கு வாங்க தங்கச்சி."

மறுநாள் கேட்டால், வியாழக்கிழமை வரச் சொன்னார். வியாழக்கிழமை கேட்டால், மாமியார் வீட்டில் இருக்கிறார். அதற்கு அடுத்த வாரம் போனையே எடுக்கவில்லை. இரண்டு வெள்ளிக்கிழமை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை ஆவுடையார்கோவில் வழியாக மீமிசல் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

வீட்டுக்குப் போய் நின்றதும் அவர் முகம் செத்துப்போனது. உட்காரச் சொன்னார், டீ வந்தது, டீயோடு பிஸ்கட் வந்தது, பிஸ்கட்டோடு அவர் அம்மா வந்தார். கார்டு மட்டும் வரவில்லை.

"அண்ணே, சாமான் எங்க?"

"அது வந்து தங்கச்சி, ஒரு சின்ன விஷயம்."

சின்ன விஷயம் இதுதான். அங்கே ஏர்போர்ட்டில் எடை போட்டபோது மூன்று கிலோ கூடுதலாக இருந்திருக்கிறது. தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்து, எல்லாவற்றின் மேலட்டையையும் கழற்றி எறிந்திருக்கிறார். என் வீட்டுக்காரர் கார்டை அதன் அட்டைப்பெட்டியில் வைத்து, இரண்டு துண்டு சுற்றி, மேலே பேர் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தார். பெட்டி போச்சு, துண்டு போச்சு, சீட்டும் போச்சு.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. வளைகுடாவிலிருந்து வந்தவர் வீட்டில் பெட்டி பிரிப்பது என்று ஒன்று நடக்கும். சொந்தக்காரர்கள் எல்லாம் பாயைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். சாமான் ஒவ்வொன்றாக வெளியே வரும். பாய்க்கு வந்த சாமானை யாராவது கையில் எடுத்து, "இது எனக்கா?" என்று கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த லீவு வரைக்கும் பேச்சு நிற்காது. இவருடைய அக்கா, இரண்டு காற்றாடி வைத்த கனமான சாமான் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். போன லீவுக்கு அக்காவுக்கு ஒரு பால்பவுடர் டின் மட்டும் கொண்டுவந்தவர் இவர். இரண்டு வருஷமாக அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டவர். "ஆமாக்கா" என்று சொல்லிவிட்டார்.

"இப்ப அது எங்க இருக்கு?"

"அக்காகிட்டதான். மீன் எறங்குற எடத்துல யாவாரம் பண்ணுது. வாங்க, கூட்டிட்டுப் போறேன்."

கூட்டிக்கொண்டு போனவர் ஐம்பது அடி தூரத்தில் நின்றுகொண்டார். "அங்கிட்டு நீலத் தார்ப்பாய் தெரியுதா? நீங்களே கேளுங்க தங்கச்சி. நான் இங்கிட்டு நிக்கிறேன்."

நீலத் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு பெரிய உடம்புக்காரம்மா உட்கார்ந்திருந்தார். முன்னால் நாலைந்து கூடையில் சங்கராவும் காரப்பொடி மீனும் நண்டும் இருந்தன. அதற்கு மேலே மூங்கிலிலிருந்து நைலான் கயிற்றில் என் கிராபிக்ஸ் கார்டு தொங்கியது. அதிலிருந்து இரண்டு ஒயர் இறங்கி, கீழே கிடந்த பழைய பைக் பேட்டரிக்குப் போயிற்று. இரண்டு காற்றாடியும் அமைதியாகச் சுற்றின. ஓரமெல்லாம் மீன் செதில் ஒட்டி மினுமினுத்தது. பக்கத்துக் கடைக் கூடைகளில் ஈ மொய்த்தது. இவர் கூடையில் ஓர் ஈ இல்லை.

 அப்போது வாயைத் திறந்திருந்தால் எல்லாக் கெட்ட வார்த்தையும் வரிசையாக வந்திருக்கும்.

"என்ன மீனு வேணும்?" என்றார்.

"மீன் வேண்டாம்க்கா. மேல தொங்குதே, அது வேணும்."

"அது விக்கிறதில்ல."

"அது என்னுது. எங்க வீட்டுக்காரர் எனக்குக் குடுத்துவிட்டது. ஒங்க தம்பி மாத்திக் குடுத்துட்டாரு."

"எந்தம்பி எனக்குக் கொண்டாந்தது. பாய்ல வச்சு, ஊரு பாக்கக் குடுத்தான்."

"அது ஃபேன் இல்லக்கா. கம்ப்யூட்டர் சாமான்."

"ஃபேன் இல்லையா? பின்ன மேல சுத்துறது என்ன?"

நிமிர்ந்து பார்த்தேன். சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"அந்தச் சாமான் சூடாயிரும். அது சூடாகாம இருக்கத் தனக்குன்னு வச்சிருக்கிற ஃபேன் அது."

"தனக்குத்தானே விசிறிக்கிதாக்கும். பெரிய எடத்துச் சாமானா இருக்கும்போல."

பக்கத்துக் கடைக்காரம்மாக்கள் சிரித்தார்கள். எனக்கு மண்டை காய்ந்தது. ஒரு பொய்யைப் போட்டுப் பார்த்தேன்.

"இதுலேர்ந்து ஒரு கதிர் வரும்க்கா. கையெல்லாம் சொறி புடிக்கும். தெரியாம வச்சிருக்கீங்க."

அவர் இரண்டு கையையும் என் மூக்குக்கு நேரே நீட்டினார். "இருவது வருசமா மீன் அறுக்குற கை. இதுல புதுசா எந்த எடத்துல சொறி வரும்னு நீயே பாத்துச் சொல்லு."

அந்தப் பொய் அதோடு முடிந்தது. ஈயை விரட்டுகிற வேறொன்று வாங்கி வந்தால் இதைத் தருவதாகச் சொன்னார். கடைத்தெருவுக்கு ஓடிப்போய்ச் சார்ஜ் போடுகிற மேஜை ஃபேன் ஒன்று வாங்கி வந்தேன். கூடைக்கு முன்னால் வைத்து ஓடவிட்டுப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"காத்து ஜாஸ்தியா வருது. ஐஸு கரைஞ்சு போகும். அதுன்னா பதமா வரும்."

"நாப்பதாயிரம் போட்டுப் பொட்டி வாங்கி வச்சிருக்கேன்க்கா. அந்தச் சாமான் இல்லாம அது வெறும் வெளக்கு."

"அப்புடி அதுல என்னத்தப் பண்ணுவ?"

அதற்கு மேல் பொய் சொல்லத் தெம்பில்லை. சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் சவுதியில் இருப்பதை, போனில் வரிசையில் நின்று பேசுவதை, லாரியை, கேரளாக்காரர் போகப் போவதை, ஐந்து வெள்ளிக்கிழமை வீணாய்ப் போனதை. நடுவில் ஒருவர் நண்டு விலை கேட்டார். அக்கா அவரைக் கையாலேயே அப்பால் போகச் சொன்னார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன ஒனக்கு? சொறி செரங்குன்னு கத விடுற."

"சொன்னா சிரிப்பீங்கன்னுதான்."

"சிரிக்க என்ன இருக்கு. எங்க வீட்டாளு கடலுக்குள்ளேர்ந்து வயர்லெஸ்ல பேசுவாரு. அத்தன போட்டுக்காரனும் கேட்டுக்கிட்டு இருப்பான். ‘டீசல் இருக்கா, ஐஸு இருக்கா’ன்னு கேப்பேன். வேற என்னத்தக் கேக்குறது அதுல?"

சொல்லிக்கொண்டே மீன் அறுக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்து, கயிற்றை ஒரே இழுப்பில் அறுத்தார். கத்தி கார்டைத் தொடாமல் போனது என் அதிர்ஷ்டம். மேஜை ஃபேனைத் திருப்பித் தரவில்லை. காரப்பொடி இரண்டு கிலோ என் தலையில் கட்டி, அதற்குப் பணமும் வாங்கிக்கொண்டார். ஐம்பது அடி தூரத்தில் நின்ற தம்பியைப் பார்த்து, "அடுத்த வாட்டி எனக்கு ஒழுங்கா ஒரு ஃபேன் கொண்டா, அடுத்தவுக சாமான எனக்குன்னு குடுக்காத" என்று கத்தினார். அந்த ஆள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கார்டு ஒரு பையில், காரப்பொடி ஒரு பையில். எதிலிருந்து நாற்றம் வருகிறது என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் ஆலைக்கு லீவு சொல்லிவிட்டுப் புதுக்கோட்டைக்குப் போனேன். கடைக்காரர் கார்டைக் கையில் வாங்கி, மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், சட்டென்று தள்ளிப் பிடித்தார்.

"அக்கா, இது இதுக்கு முன்னாடி எங்க வேல பாத்துச்சு?"

"அதை விடுங்க. ஓடுமா, ஓடாதா?"

திருப்பித் திருப்பிப் பார்த்தார். காற்றாடிக்குப் போகிற ஒயரை மட்டும்தான் வெட்டியிருந்தார்கள். பலகையில் வெட்டு இல்லை. ஆனால் உப்புக்காற்று பட்டிருக்கிறது, மாட்டிப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது, மாட்டினால் கம்ப்யூட்டரையும் சேர்த்துக் கெடுத்தாலும் கெடுக்கும் என்றார். நான் முழுப் பெட்டியையும் காரில் தூக்கிக்கொண்டுதான் போயிருந்தேன். மாட்டுங்கள் என்றேன்.

ஸ்பிரிட்டும் பல் தேய்க்கிற பிரஷ்ஷும் வைத்து ஒரு மணி நேரம் தேய்த்தார். செதிலை ஊசியால் எடுத்தார். எடுத்துக்கொண்டே நல்ல மனசோடு ஒரு விஷயம் சொன்னார்.

"அன்னைக்கு நான் சொன்ன பிராசசரை எடுத்திருந்தா, கார்டே இல்லாம இந்த லாரி கேமை ஓட்டியிருக்கலாம்க்கா. படம் கொஞ்சம் மங்கலா இருக்கும், அவ்வளவுதான். மொதல் வாரத்துலேர்ந்தே ஆடியிருக்கலாம்."

ஐந்து வெள்ளிக்கிழமையும் என் கண் முன்னால் வந்து நின்றது. அதை விட்டது சவுதி ஏர்போர்ட்டும் இல்லை, மீமிசலும் இல்லை. இதே மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து நான்தான் விட்டேன்.

"அதை நீங்க அன்னைக்கு ஒழுங்காச் சொல்லியிருக்கணும்."

"சொன்னேனேக்கா."

"வீட்ல இருக்கிற பொம்பளைங்களுக்கு இதுவே ஜாஸ்தின்னு சொன்னீங்க."

அவருக்கு நினைவில்லை. நிஜமாகவே நினைவில்லை என்று முகத்தில் தெரிந்தது. பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் முக்கினார். "எங்க அம்மாவும் நான் சொன்னேன்கிறதுக்காகவே எதையும் வாங்காது" என்றார். மன்னிப்புக் கேட்கிறாரா குத்திக் காட்டுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டுமாக இருக்கும்.

ஒயரைப் பற்ற வைத்தார். அன்று முழுக்க ஒரு டேபிள் ஃபேனுக்கு முன்னால் வைத்துக் காய வைத்தார். செவ்வாய்க்கிழமை மாட்டி சுவிட்சைப் போட்டபோது திரையில் எழுத்து வந்தது. கடைக்காரர்தான் என்னைவிட ஆச்சரியப்பட்டார். மற்ற வேலையெல்லாம் முடித்துத் தரச் சனிக்கிழமை ஆகிவிட்டது. ஆறு போய் ஏழு வெள்ளிக்கிழமை மீதி.

மீதி ஏழில் முதல் வெள்ளிக்கிழமையன்று மூன்று மணிக்கே ஆலையிலிருந்து கிளம்பினேன். அவசரமா என்று முதலாளி கேட்டார். லாரி காத்திருக்கிறது என்றேன். லோடு ஏற்றுகிற லாரி என்று நினைத்து, சீக்கிரம் போகச் சொன்னார்.

நாலரை மணிக்குக் கேமைத் திறந்தேன். ஏதோ வெள்ளைக்கார நாட்டு ரோடு. இரண்டு பக்கமும் பச்சை வயல், குப்பை இல்லை, மாடு இல்லை. எனக்கு முன்னால் ஒரு சிவப்பு லாரி நின்றது. காதில் அவர் குரல் வந்தது.

"வந்துட்டியா? கிளட்ச்சு கெடையாது. மெதுவா எடு."

எடுத்தேன். முதல் திருப்பத்தில் ஓரத்துக் கம்பியில் இடித்தேன். அத்தை கதவைத் திறந்து, "அவன்கிட்டதான் பேசுறியா? போனக் குடு" என்றார்.

"போன் இல்ல அத்தை. ரோட்டுல இருக்கோம். எறங்குனதும் பேசச் சொல்றேன்."

அத்தை திரையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டு போனார். ஆறு வருஷத்தில் அந்தக் கதவை அவரே சாத்தி நான் பார்த்ததில்லை.

"இண்டிகேட்டர் போடு" என்றார் வீட்டுக்காரர்.

"ரோட்டுல யாருமே இல்லையே."

"நான் இருக்கேன்ல பின்னால."

அதற்குள் என்னை முன்னால் விட்டிருந்தார். புதிதாக ஓட்டுகிற ஆளை முன்னால் விட்டுத்தான் கற்றுக்கொடுப்பார்களாம். அதன் பிறகு அந்த மனுஷன் வாயை மூடவில்லை. இது பிரேக்கா, இல்லை செருப்பா என்றார். எந்தக் கிறுக்கன் லைசென்ஸ் கொடுத்தான் என்றார். போனில் ஒரு நாளும் என்னிடம் குரல் உயர்த்தாதவர், கிளீனரைத் திட்டுகிற மாதிரி திட்டினார். நானும் விடவில்லை. அட்டைப்பெட்டியை ஏன் அந்த ஆளை நம்பிக் கொடுத்துவிட்டீர்கள் என்றேன். கடைக்காரர் சொன்னதைக் கேட்டிருந்தால் முதல் வாரத்திலிருந்தே ஓட்டியிருக்கலாம் என்றார். அது எப்படி உங்களுக்குத் தெரியும் என்றேன். நான் பிராசசர் பேரைச் சொன்ன அன்றே கேரளாக்காரர் சொன்னாராம், என்னிடம் சொல்லப் பயமாக இருந்ததாம்.

"என்ன பயம்?"

"நீ போன வச்சிட்டீன்னா? ரெண்டு நாளு வண்டியில அதே நெனப்பா ஓட்டணும்."

அதைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. நானும் அதற்காகத்தான் ஆறு வருஷமாக "ம்" கொட்டியிருக்கிறேன். சண்டை போட்டுவிட்டுப் போனை வைத்தால், மறுபடி பேசுகிற வரைக்கும் அவர் அந்தப் பாலைவனத்தில் கோபத்தோடு ஓட்டிக்கொண்டிருப்பாரே என்று எதையும் கேட்டதில்லை. இங்கே அந்தப் பயம் இல்லை. எவ்வளவு திட்டினாலும் இரண்டு பேரும் ஒரே ரோட்டில்தான் போயாக வேண்டும்.

அதனால் கேட்டேன். "என் தங்கச்சி கல்யாணத்துக்கு ஏன் வரல? லீவு கெடைக்கலன்னு பொய் சொன்னீங்கள்ல."

கண்ணாடியில் சிவப்பு லாரி கொஞ்சம் பின்தங்கியது.

"லீவு கெடச்சுச்சு. அந்த மாசம் வண்டிய இடிச்சுட்டேன். என் மேல தப்பு. கபீல் பாஸ்போர்ட்ட வச்சுக்கிட்டான்."

"அடி பட்டுச்சா?"

"லேசா. தோள்ல."

"மூணு வருசமாச்சு. ஒரு வார்த்த சொல்லல."

"சொன்னா நீ என்ன பண்ணுவ, அங்க உக்காந்துக்கிட்டு?"

"கத்துவேன்."

"அதுக்குத்தான்" என்றார். குரல் சிரிப்பு மாதிரி இருந்தது. நான் கத்தினேன். தோளுக்கும் சேர்த்து, பாஸ்போர்ட்டுக்கும் சேர்த்து, மூன்று வருஷத்துக்கும் சேர்த்து. அவர் பின்னாலேயே வந்தார். இருபது கிலோமீட்டர் போயிருக்கும்.

"முன்னாடி ரவுண்டானா வருது" என்றார். "ரெண்டாவது வழியில திரும்பு. எறக்குற எடம் பக்கத்துலதான்."

திரையின் ஓரத்தில் வழி தெரிந்தது. இரண்டாவதில் திரும்பினால் ஆறு கிலோமீட்டர். மூன்றாவது மலையைச் சுற்றிக்கொண்டு போகிற வழி, எண்பது கிலோமீட்டர். இரண்டாவதைத் தாண்டினேன்.

"ஏய், அது இல்ல. தாண்டிட்ட."

நான் இண்டிகேட்டர் போட்டுவிட்டு மூன்றாவதில் திரும்பினேன். மலைப்பக்கம் ரோடு ஏறியது. கண்ணாடியில் பார்த்தேன். சிவப்பு லாரி ரவுண்டானாவில் ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் அதன் இண்டிகேட்டரும் எரிந்தது.